அருளும் அறச்செயலும்: தரங்கம்பாடியில் எழுந்த ஒரு கேள்வி



நம் தோட்டப்புறங்களில் அன்றாடம் காதில் விழும் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, "எல்லாம் அவன் செயல்" என்பது. மற்றொன்று, "அவரவர் செய்ததை அவரவர் அனுபவிக்க வேண்டும்" என்பது. பெரட்டுக்களத்திலும், லயத்து வாசலிலும், துக்க வீட்டிலும், கல்யாண வீட்டிலும் இவ்விரண்டையும் ஒரே வாயால் சொல்கிறோம். ஆனால் சற்று நின்று யோசித்தால் ஒரு சிக்கல் புலப்படும். எல்லாம் அவன் செயலானால், நாம் செய்யும் நன்மை நம்முடையதா, அவனுடையதா? நன்மை நம்முடையது என்றால், அவன் செயல் எங்கே நிற்கிறது? மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியுமா? அல்லது நல்லவனாவதற்கும் அருள் வேண்டுமா?

இது தமிழருக்கு மட்டும் வந்த ஐயம் அன்று. நம் மலாய் அண்டை வீட்டார் "தக்டிர்" என்றும் "இக்தியார்" என்றும் இரு சொற்களை வைத்திருக்கிறார்கள். முன்னது இறைவன் விதித்தது. பின்னது மனிதன் எடுக்கும் முயற்சி. திருவள்ளுவரும் 38-ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றிப் பாடினார். 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பற்றிப் பாடினார். ஒரே நூலில் இரண்டுக்கும் இடம் தந்தார். கிறிஸ்தவ சமயத்திலோ இந்தக் கேள்வி 1,600 ஆண்டுகளாகப் பெரும் வழக்காகவே நடந்து வந்திருக்கிறது. அந்த வழக்கின் ஓர் அத்தியாயம் தமிழ் மண்ணில், தமிழ் மொழியில் நடந்தது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் வழக்கின் தொடக்கத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி ரோமாபுரியில் போதித்து வந்தார். அவர் பிரிட்டன் தீவைச் சேர்ந்தவர். மனிதனுக்குக் கடவுள் நல்லறிவையும் சுதந்திரத்தையும் கொடுத்திருக்கிறார். ஆகவே மனம் வைத்தால் அவன் நல்லவனாக வாழ முடியும். 'என்னால் முடியாது' என்பது வெறும் சாக்கு என்பது அவருடைய போதனையின் சாரம். இதை எதிர்த்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்னும் ஊரின் ஆயராக இருந்த அகஸ்தீன். அவர் வாழ்ந்த காலம் 354 முதல் 430 வரை. மனிதனின் மனமே நோயுற்றிருக்கிறது. நோயாளி தானாக எழுந்து நடக்க முடியாது. முதலில் கடவுளின் அருள் வந்து தூக்கிவிட வேண்டும் என்றார் அவர். 418-ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. அகஸ்தீனின் பக்கம் வென்றது. ஆனால் கேள்வி அதோடு அடங்கவில்லை.

1,100 ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் அது மீண்டும் தலைதூக்கியது. பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் அங்கே காசுக்கு விற்கப்பட்டன. மார்ட்டின் லுத்தர் என்ற குரு 1517-ஆம் ஆண்டு அதைக் கண்டித்து எழுதினார். மோட்சம் விலைக்கு வாங்கும் பொருள் அன்று. தருமம், யாத்திரை, நோன்பு எதைச் செய்தும் கடவுளைக் கடன்காரராக்க முடியாது. விசுவாசத்தின் வழியாக அருள் இலவசமாக வருகிறது என்றார் அவர். 1524-இல் எராஸ்முஸ் என்ற பேரறிஞர் மனிதனுக்குச் சுதந்திரமான சித்தம் உண்டு என்று ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே லுத்தர் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். மனிதனின் சித்தம் கட்டுண்டது என்பதே அந்த மறுப்பின் மையம்.

அப்படியானால் லுத்தர் நற்செயல் வேண்டாம் என்றாரா? இல்லை. இதை நம் தொழிலைக் கொண்டே விளக்கலாம். பட்டுப்போன தேயிலைச் செடியில் கொழுந்தைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டால் செடிக்கு உயிர் வந்துவிடாது. வேரில் உயிர் இருந்தால் கொழுந்து தானாகத் துளிர்க்கும். நற்செயல் கொழுந்து, அருள் வேர். லுத்தரின் கருத்து ஏறக்குறைய இதுதான்.

இப்போது நம் நாட்டுப் பக்கம் வருவோம். நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அந்த நாகப்பட்டினத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் கடலோரமாக இருக்கிறது தரங்கம்பாடி. 1620-ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க் நாட்டவர் அங்கே டான்ஸ்பர்க் என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அந்த ஊர் அவர்கள் கையில் இருந்தது.

அந்த ஊரில் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்றி புளுட்சோ. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள் இவர்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 23. மனிதனின் நன்மை அவனை மீட்காது, அருளே மீட்கும் என்று கற்றுக்கொண்டு வந்தவர். தமிழர்கள் கல்வியும் ஒழுங்கும் இல்லாத மக்கள் என்ற எண்ணத்தோடுதான் அவர் வந்தார்.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான தமிழ் வாத்தியாரை அழைத்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். சில மாதங்களில் தமிழ் பேசினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடத் தொடங்கினார். காலஞ்சென்ற புலவர்களின் வீட்டு விதவைகளிடமிருந்தும் ஆள் அனுப்பிச் சுவடிகளை வாங்கினார். 1708-இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் தமிழ்ப் புலவர்களின் நூல்கள் 119 இடம்பெற்றன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நூல்களையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

நேயர்களே, இங்கேதான் அவருக்குச் சிக்கல் தொடங்கியது. கொன்றைவேந்தனும் உலகநீதியும் நம் பிள்ளைகள் இன்றும் படிக்கும் நூல்கள். தாய் தந்தையரைப் போற்று, பிறர் பொருளை விரும்பாதே, பொய் சொல்லாதே என்று கற்பிக்கும் நூல்கள். பைபிளைக் கண்ணால் பாராத மக்கள் இவ்வளவு தெளிவாக நன்மையைத் தெரிந்து வைத்திருப்பது எப்படி? அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று. பைபிளைக் கையில் வைத்திருந்த ஐரோப்பியர் பலர் அதே ஊரில் குடித்தார்கள், சண்டையிட்டார்கள், அடிமைகளை வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் 1707-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர் நல்லவராக இருக்கிறார். கிறிஸ்தவர் கெட்டவராக இருக்கிறார். இதற்கு என்ன பதில்?

சீகன்பால்கு இந்த உண்மையை மறைக்கவில்லை. தமிழர்களைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணம் தவறு என்று எழுதினார். அவர்களுடைய ஒழுக்கம் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களை வெட்கப்பட வைக்கிறது என்றும் எழுதினார். அதோடு நிற்காமல், சக மிஷனரி கிரண்ட்லருடன் சேர்ந்து இன்னொரு காரியமும் செய்தார். 1712 முதல் 1714 வரை கேள்விகளை எழுதித் தமிழ் அறிஞர்களிடம் அனுப்பி, அவர்கள் தமிழில் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்கள். ஹாலே நகரில் 1714-இல் 55 கடிதங்களும், 1717-இல் 44 கடிதங்களும் அச்சாயின. மொத்தம் 99 கடிதங்கள். தமிழர்கள் தங்கள் சமயத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் தாங்களே ஐரோப்பியருக்குச் சொன்ன கடிதங்கள் இவை.

எங்கள் சமயத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மிஷனரிகள் அதில் கேட்டார்கள். தமிழர்கள் ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதினார்கள். உங்கள் சமயத்தில் நல்ல போதனை இருக்கலாம். ஆனால் அதைப் பின்பற்றுவோரின் நடத்தையைப் பாருங்கள் என்றார்கள். மது அருந்துகிறார்கள், பசுவைக் கொல்கிறார்கள், குளிப்பதில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். எந்தச் சமயத்தில் இருந்தாலும், தீமையை விட்டு நன்மை செய்கிறவன் நற்கதி அடைவான் என்று எழுதினவர்களும் உண்டு.

இங்கே இரண்டு நம்பிக்கைகள் நேருக்கு நேர் சந்திக்கின்றன. "நன்மை செய்தவன் கரை சேர்வான்" என்பது ஒரு பக்கம். "அருள் இல்லாமல் யாரும் கரை சேர முடியாது, நன்மை அதன் பலனே" என்பது மறுபக்கம். சீகன்பால்கு தம் கொள்கையைக் கைவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி வரை அவர் லுத்தரின் மாணவராகவே இருந்தார். ஆனால் எதிராளியின் வாதத்தை அவன் சொற்களிலேயே எழுதி அச்சுக்கு அனுப்பிய நேர்மை அவரிடம் இருந்தது. அந்த நேர்மைக்கு அவர் விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1713-இல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். மிஷனரிகளின் வேலை அச்சமயத்தை ஒழிப்பதே அன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது அன்று என்பது ஹாலே நகரின் தலைவர் பிராங்கேயின் தீர்ப்பு. நூல் கிடப்பில் போடப்பட்டது. 154 ஆண்டுகள் கழித்து, 1867-இல்தான் சென்னையில் அது அச்சேறியது.

ஒன்றை நாம் மறந்துவிடக்கூடாது. தமிழர் எல்லாரும் 'நன்மை செய்தால் போதும்' என்ற ஒரே கட்சியில் இருந்தவர்கள் அல்லர். அருளா முயற்சியா என்ற வழக்கு நம்மவரிடையேயும் நடந்தது. வைணவத்தில் வடகலை, தென்கலை என்ற இரு பிரிவுகள் உண்டு. வடகலையார் குரங்குக் குட்டியை உதாரணம் காட்டுவார்கள். தாய்க் குரங்கு தாவும்போது குட்டிதான் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதுபோல மனிதனும் தன் பங்குக்கு இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டியைக் காட்டுவார்கள். குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப் பூனையே வாயால் கவ்வித் தூக்கிச் செல்கிறது. பெலாஜியுஸும் அகஸ்தீனும், எராஸ்முஸும் லுத்தரும் வாதாடியது ஏறத்தாழ இதே குரங்கையும் பூனையையும் பற்றித்தான் என்றால் அது மிகையாகாது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மனித மனம் ஒரே முடிச்சோடு போராடியிருக்கிறது.

தரங்கம்பாடியில் இந்த வழக்கு ஏட்டளவில் நிற்கவில்லை, நடைமுறைக்கே வந்துவிட்டது. 1708-இல் ஓர் ஏழைத் தமிழ் விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். டென்மார்க் ஆளுநர் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். சுமார் நான்கு மாதம் சிறைவாசம். வெளியே வந்த பின்னும் அவர் ஓயவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண் பிள்ளைகளுக்கும் நடத்தினார். அச்சகம் நிறுவினார். 1714-15-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. பக்கத்தில் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் எழுந்தது.

இதைக் கோப்பன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் என்பவர் விரும்பவில்லை. இயேசுவின் சீடர்கள் கையில் ஒன்றுமில்லாமல் போனார்கள்; நீங்களும் போதித்துவிட்டு நகர்ந்து செல்லுங்கள்; கட்டடமும் பள்ளியும் பட்டறையும் எதற்கு; மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் போக்கு. கேட்பதற்கு இது பெரிய பக்தியாகவே தோன்றும். கடவுளின் ஆட்சியில் முழு நம்பிக்கை வைத்தவர் பேசுவதுபோல இருக்கும். ஆனால் சீகன்பால்கும் கிரண்ட்லரும் அதை ஏற்கவில்லை. மனிதனுக்கு ஆன்மாவும் உடலும் பின்னிப் பிணைந்திருக்கின்றன. உடலுக்குச் செய்யும் பணியை ஒதுக்கிவிட்டு ஆன்மாவுக்குப் பணி செய்ய முடியாது என்று பதில் எழுதினார்கள்.

நேயர்களே, அருளே எல்லாம் என்று நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்தை மூட மறுத்தார். இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். உடல் நலிவோடும் மன வருத்தத்தோடும் 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் தரங்கம்பாடியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. அது நம் மலேசியா வரை வந்து சேர்கிறது. தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. 1712-இல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில், ஒரு குருவின் மனைவி சூசன்னா வெஸ்லி அவற்றைப் படித்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு; வறுமை வேறு. அத்தனை தூரத்தில் இரண்டு பேர் இவ்வளவு செய்யும்போது நான் என் வீட்டிலாவது எதையாவது செய்யக்கூடாதா என்று அந்தத் தாய் நினைத்தார். ஒவ்வொரு நாள் மாலையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவது என்று முறை வகுத்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜான் வெஸ்லி. அப்போது அவருக்கு எட்டு வயது. வியாழக்கிழமை மாலை அவருக்கு உரியது.

அந்தச் சிறுவனே பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தார். யார் மீட்படைவார்கள், யார் அழிவார்கள் என்பதைக் கடவுள் முன்னரே முடிவு செய்துவிட்டார் என்ற கொள்கை கால்வின் வழியினரிடையே வலுவாக இருந்தது. மலாக்காவில் நாம் பார்க்கும் சிவப்பு நிற ஆலயத்தை 1753-இல் கட்டி முடித்த டச்சுக்காரர்களும் அந்தக் கால்வின் வழி வந்தவர்களே. வெஸ்லி 1739-இல் அக்கொள்கையை வெளிப்படையாக எதிர்த்துப் பிரசங்கம் செய்தார். அதனால் ஒயிட்ஃபீல்ட் என்ற நெருங்கிய நண்பரோடு மனத்தாங்கலும் வந்தது. அருள் முந்திக்கொண்டு எல்லா மனிதரையும் தேடி வருகிறது. அதை ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் கையில் இருக்கிறது என்பது வெஸ்லியின் நிலை. அவர் ஏழைகளுக்கு மருந்தகம் நடத்தினார். 1774-இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1885-இல் மெதடிஸ்ட் பணி சிங்கப்பூரில் தொடங்கி, மலாயாவெங்கும் பரவித் தமிழரிடையேயும் வேரூன்றியது. தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் தமிழருக்கும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் ஆலயம் இருக்கிறது. ஒரே தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து வீடுகளில் வாழும் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த வழக்கின் இரு வேறு பக்கங்களிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும்.

வழக்கு முடிந்ததா? ஓரளவு சமரசம் ஏற்பட்டது என்று சொல்லலாம். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது அருளால், தன் தகுதியால் அன்று. அந்த அருளே அவனை நற்செயல்களுக்கு ஏவுகிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. 2006-இல் மெதடிஸ்ட் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன. லுத்தர் எழுதிய நாளிலிருந்து இதற்கு 482 ஆண்டுகள் பிடித்தன. எல்லாக் கருத்து வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டது ஓய்ந்தது.

சரி, நாளெல்லாம் கொழுந்து கிள்ளிவிட்டு, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வானொலி கேட்கும் நமக்கு இந்த வரலாறு எதற்கு? இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, தற்பெருமையைப் பற்றியது. நன்மை செய்வதாலேயே நாம் உயர்ந்துவிட்டோம் என்று எண்ணத் தொடங்கினால், அந்த நன்மை கெட்டுப்போகிறது. கோயிலுக்குக் குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தவர் தம் பெயரைப் பெரிய எழுத்தில் அதன்மேல் எழுதி வைப்பார். பெயர் நன்றாகத் தெரியும், வெளிச்சம் பாதிதான் வரும். அகஸ்தீனும் லுத்தரும் அஞ்சியது இதற்குத்தான்.

மற்றொன்று, தலையெழுத்தைப் பற்றியது. திரிங்காப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். "இவன் தலையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும், வாத்தியாரே, படித்தால் மட்டும் மாறிவிடவா போகிறது?" என்று பெற்றோர் சொல்லக் கேட்டதுண்டு. அது பணிவான பேச்சு போல இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு முடிந்ததும் பிள்ளையின் புத்தகப்பை மூலைக்குப் போய்விடும். இறைவன் பெயரால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பக்தி ஆகாது. அருளையே முழுதும் நம்பிய மனிதர் மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார். விதவைக்காகச் சிறை போனார். பள்ளியை மூடச் சொன்னபோது மறுத்தார். முயற்சியில் நம்பிக்கை வைத்தவர்கள் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

அருள் முந்தியதா, முயற்சி முந்தியதா என்பதைச் சமய அறிஞர்கள் தொடர்ந்து ஆராயட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவரிடம் இருக்கும் நன்மையைக் கண்டு ஒப்புக்கொள்வதும், நம் பிள்ளையின் படிப்பை விதியின் தலையில் போடாமல் இருப்பதும் நம் கையில் உள்ளவை. அந்தத் தாய் சூசன்னா செய்ததுபோல, வாரத்தில் ஒரு மாலையாவது ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே உட்கார்ந்து, இன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். அதற்குப் பணம் வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். குரங்குக் குட்டியானாலும் பூனைக் குட்டியானாலும், குட்டிக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?